ஐரிஷ் பெயர்களை உச்சரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தலைவரைத் தமிழில் சிலர் 'இயான் மோர்கன்' என்றும் சிலர் 'இயோன் மோர்கன்' என்றும் எழுதினார்கள். ஆங்கில வருணனையாளர்களோ அவரை 'ஓவன்' என்றே அழைத்தார்கள். டப்ளினில் பிறந்த அவருடைய முதற்பெயர் ஈ, ஓ, ஐ, என் ஆகிய நான்கே எழுத்துகளால் ஆனது. அந்த நான்கிலிருந்து 'ஓவன்' எப்படிப் பிறக்கிறது என்ற வியப்பே நம்முடைய முதல் தவறைக் காட்டிக்கொடுக்கிறது. உரோமன் எழுத்தில் இருப்பதாலேயே ஐரிஷ் பெயர்களை ஆங்கிலச் சொற்களாக எண்ணிப் படித்துவிடுகிறோம். உண்மையில் ஐரிஷ் மொழிக்கு அதற்கே உரிய எழுத்து முறை உண்டு. அது ஆங்கில எழுத்து முறையைக் காட்டிலும் ஒழுங்கானது என்பது என் கருத்து.

பலரையும் தடுக்கி விழ வைக்கும் பெயர் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். எஸ், ஐ, ஓ, பி, எச், ஏ, என் என்று எழுதப்படும் பெண்பெயரைப் புதியவர்கள் 'சியோபான்' என்று படிப்பார்கள். அதன் ஒலி 'ஷிவான்'. ஐ என்ற உயிருக்கு அருகில் நிற்கும் எஸ், ஷகரமாக ஒலிக்கும். பி என்ற எழுத்தைத் தொடரும் எச் தனி ஒலி அன்று. முன்னுள்ள மெய்யை மென்மையாக்கி, இங்கே பகரத்தை வகரமாக்கும் குறி அது. பழைய ஐரிஷ் எழுத்து வடிவில் இந்த எச்-க்கு மாற்றாக மெய்யின் தலைமேல் ஒரு புள்ளி இடப்பட்டது. நம் புள்ளி உயிரை நீக்குகிறது, அவர்கள் புள்ளி மெய்யைக் குழைக்கிறது. நடுவில் உள்ள ஓ-வுக்கு ஒலியே கிடையாது. அடுத்து வரும் மெய் அகன்று, அதாவது நாக்கின் பின்பகுதி உயர்ந்து, ஒலிக்க வேண்டும் என்று அறிவிப்பதற்காகவே அது அங்கே நிற்கிறது. கடைசி ஏ-யின் மேலுள்ள சாய்கோடு அதை நெடிலாக்குகிறது. இதே முறையில் 'காஹல்', 'டாஹி' போன்ற பெயர்களில் டி, எச் சேர்ந்து வரும் இடத்தை ஆங்கிலம்போல் தகரமாக ஒலிக்காமல் ஹகரமாக ஒலிக்க வேண்டும்.

'ஃபாதா' எனப்படும் அந்தச் சாய்கோட்டை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடுவது அடுத்த தவறு. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் மொழியில் பிறந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 'ஷான்' என்ற ஆண்பெயரிலிருந்து கோட்டை எடுத்துவிட்டால் எஞ்சுவது 'ஷன்'. ஐரிஷ் மொழியில் அதற்குக் 'கிழட்டு', 'பழைய' என்று பொருள்.

இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டவர்கள் செய்யும் தவறுதான் என் பார்வையில் பெரியது. ஒரு பெயருக்கு ஒரே சரியான உச்சரிப்புதான் இருக்க முடியும் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஐரிஷ் மொழியில் தெற்கே மன்ஸ்டர், மேற்கே கானட், வடக்கே அல்ஸ்டர் என மூன்று பெரிய வட்டார வழக்குகள் உள்ளன. மேலே சொன்ன 'ஷிவான்' மன்ஸ்டரின் ஒலி. அங்கே பெயரின் இரண்டாம் அசை நெடிலாக இருந்தால் அழுத்தம் அதன்மேல் விழும். வடக்கிலும் மேற்கிலும் அழுத்தம் முதல் அசையிலேயே நிற்கும். அகன்ற வகரமும் அங்கே பல்லும் இதழும் இயையப் பிறக்காமல் இதழ் குவித்துப் பிறப்பதால், அதே பெயர் 'ஷுவான்' என்று காதில் விழும். தமிழில் வகரம் ஒன்றே என்பதால் இந்த வேறுபாட்டை நம் எழுத்தில் முழுமையாகக் காட்ட இயலாது. கேட்டுத்தான் பழக வேண்டும்.

அழுத்தம் இடம் மாறுவதன் விளைவை வேறு பெயர்களிலும் காணலாம். கார்க் நகரத்தவரான அயர்லாந்துப் பிரதமர் மார்ட்டினின் முதற்பெயர் 'மீஹால்' என்று இறுதியில் ஓங்கி ஒலிக்கிறது. அல்ஸ்டர் வழக்கில் முதலசை ஓங்கி, பின்னசை குறுகி, 'மீஹல்' ஆகிவிடும். 'கீரான்' என்ற பெயரும் அவ்வாறே வடக்கில் 'கீரன்' எனக் குறுகி, நம் நக்கீரனின் பின்பாதியைப் போல் ஒலிக்கும்.

சி, ஏ, ஓ, ஐ, எம், எச், ஈ என எழுதப்படும் பெண்பெயர் டப்ளினிலும் தெற்கிலும் 'கீவ'. பெல்ஃபாஸ்டிலும் டெர்ரியிலும் 'க்வீவ'. அகன்ற ககரத்திலிருந்து ஈகாரத்துக்கு நாக்கு நகரும்போது இடையில் தோன்றும் சிறு ஒலியை வடக்கத்தியர் முழு வகரமாகவே சொல்லிவிடுகிறார்கள். பெல்ஃபாஸ்ட்காரப் பெண்ணிடம் போய், உங்கள் பெயர் 'கீவ' அல்லவா என்று திருத்துவது மதுரைக்காரரிடம் அவர் ஊர்ப் பேச்சைத் திருத்துவதற்கு ஒப்பாகும். நடிகை ரோனன் தம் பெயரை 'ஸர்ஷ' என்கிறார். அதே பெயரை 'ஸீர்ஷ' என்று சொல்பவர்களும் அயர்லாந்தில் நிறையவே இருக்கிறார்கள். 'விடுதலை' என்று பொருள்படும் இச்சொல் இருபதாம் நூற்றாண்டில்தான் பெயராக வழங்கத் தொடங்கியது.

வட்டார ஒலியே தனிப்பெயராக நிலைத்துவிட்ட இடங்களும் உண்டு. அல்ஸ்டரில் 'ஷான்' என்பதன் ஆகாரம் நாக்கின் முன்பகுதிக்கு நகர்ந்து 'ஷேன்' என்பதை நெருங்கும். 1567இல் கொல்லப்பட்ட அல்ஸ்டர் தலைவர் ஷேன் ஓ'நீலின் பெயர் அந்த ஒலியை ஆங்கில எழுத்தில் பிடித்து வைத்ததுதான். டோனகால் மாவட்டத்துக் குவீடோரில் பிறந்த பாடகி என்யாவின் பெயரும் அப்படிப்பட்டதே. பிற இடங்களில் 'எஹ்ன' என்பதுபோல் ஒலிக்கும் பழம்பெயர் அவருடைய ஊர்வழக்கில் 'என்ய' ஆகும். உலகம் தவறாகப் படிக்காதிருக்க அதை அப்படியே ஒலிபெயர்த்துக்கொண்டார். அவருடைய அக்கா மோயாவின் இயற்பெயர் தெற்கில் 'மார' என ஒலிக்கும். டோனகாலில் அதன் ரகரம் இளகி யகரமாகும்.

எழுத்தொற்றுமையை மட்டும் நம்புவதும் ஆபத்தே. ஐரிஷ் மொழியில் சி எப்போதும் ககரம் என்பதால் 'கீர' என்ற பெண்பெயரை 'சியரா' என்று படிக்கக் கூடாது. ஆனால் அமெரிக்கப் பாடகி ஒருவர் அதே எழுத்துகளோடு 'சியரா' என்றே அழைக்கப்படுகிறார். அவருக்குப் பெயர் வந்தது ஒரு வாசனைத் திரவியத்திலிருந்து. பெயருக்கு உரியவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவதே நல்லது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2022 கணக்கெடுப்பின்படி கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் ஐரிஷ் பேசுவோர் சுமார் 72,000 பேர்தான் என்பதால், அயர்லாந்துக்காரர்களே ஒருவரையொருவர் இப்படிக் கேட்டுக்கொள்வதுண்டு.

ஐரிஷ் பேசும் ஊர்களுக்குச் செல்பவர்களைக் குழப்பும் இன்னொன்றும் உண்டு. கண்ணன் என்ற பெயர் விளிக்கும்போது கண்ணா என்று இறுதி மாறுவது போல், ஐரிஷ் பெயர்களும் விளிக்கும்போது மாறுகின்றன. ஆனால் அங்கே முதல் மெய்யும் சேர்ந்து குழைகிறது. ஷான் என்பவரை 'அ ஹியான்' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அவருக்கு வேறு பெயரும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஷேமஸ் என்பவரை விளித்தால் 'அ ஹேமிஷ்' ஆகும். ஐரிஷின் உடன்பிறப்பான ஸ்காட்லாந்து கேலிக் மொழியிலும் இதே விதிதான்; அங்கே ஆங்கிலம் பேசியவர்கள் கூப்பிடும் ஒலியையே பெயராகக் கொண்டதால் உருவானதுதான் இன்றைய 'ஹேமிஷ்'.