கடையில் கொடுத்த கிரெடிட் கார்டில் வேண்டாத கட்டணமா? வீட்டுப் பெரியவர்களுக்காக நீங்கள் செய்ய வேண்டியவை

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, டை கட்டிய ஒரு தம்பி. "அம்மா, இன்னைக்கே எடுத்தீங்கன்னா 500 ரூபா கூப்பன், கார்டு ஃப்ரீ." ஆதாரும் பான் கார்டும் காட்டி, போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னால் போதும், கார்டு வீடு தேடி வந்துவிடும். அது பீரோவுக்குள் போய்ப் பட்டுப்புடவைக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருடம் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 89.82. கட்டாவிட்டால் மாதாமாதம் லேட் ஃபீ. அதை 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரியோடு 590. மூன்று மாதத்தில் பாக்கி 2,358 ரூபாய் 82 காசு. அந்தக் கார்டில் ஒரு கட்டுக் கீரைகூட வாங்கியிருக்க மாட்டார்கள்.

இப்படி மாட்டிக்கொண்ட அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு உதவ நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். "இது கந்துவட்டி" என்று கடிதம் எழுதாதீர்கள். கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது உண்மைதான். ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 என்று அச்சடித்துக் கொடுத்திருந்தால் அதை எதிர்த்து ஒன்றும் நடக்காது. நாம் பிடிக்க வேண்டியது சம்மதத்தையும் தேதிகளையும். அங்கேதான் வங்கிகள் சறுக்குகின்றன.

படி 1: கார்டு யாருடையது என்று பாருங்கள்

முன்பக்கம் கடையின் பெயர் பளபளவென்று இருக்கும். கார்டைக் கொடுத்த வங்கியின் பெயரும் அதிலேயே எங்காவது இருக்கும். கடைக்காரர் விளம்பரம் செய்து ஆள் பிடித்துக் கொடுப்பதோடு சரி, கணக்கு முழுக்க வங்கியிடம்தான். பெரியவர்கள் கடை கவுண்டருக்கே நாலு தடவை நடந்து, "மேனேஜர் வரட்டும்மா" என்ற பதிலோடு திரும்புவது இது தெரியாததால்தான். கடையை விட்டுவிடுங்கள்.

வங்கியின் எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்தே எடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் மோசடிக்காரர்களின் எண்ணும் மேலே வந்து நிற்கும். அப்படி யாரிடமாவது ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டால், இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே 1930-க்கு அழையுங்கள்.

படி 2: ஸ்டேட்மென்ட் வாங்குங்கள்

கார்டு கொடுத்த மாதத்திலிருந்து இன்று வரை எல்லா ஸ்டேட்மென்ட்டும் வேண்டும் என்று கேளுங்கள். "மெயிலில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்" என்பார்கள். எந்த மெயில் என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் கார்டு விற்ற பையன் ஏதோ ஒரு முகவரியைத் தட்டிவிட்டிருப்பான், அம்மாவுக்கு மெயிலே கிடையாது. அப்படியென்றால் பில் அவர் கைக்கு வரவே இல்லை என்று கடிதத்தில் எழுதலாம். கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலையும், கட்டண விவரம் உள்ள முக்கிய நிபந்தனைகள் தாளையும் சேர்த்தே கேளுங்கள்.

படி 3: சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள், பாதி வழக்கு இந்த மேஜையிலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு வரியையும் பெரியவரிடம் வாசித்துக் காட்டி, "இது நீங்க வாங்கினதா?" என்று கேளுங்கள். வாங்கியது என்றால் டிக் போடுங்கள். அந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆகவேண்டும். மிச்சமுள்ள வரிகளை 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த கார்டு விதிகளோடு ஒப்பிடுங்கள்.

கேட்காமலே கார்டை அனுப்பிக் கட்டணமும் போட்டார்களா? கட்டணத்தைத் திரும்ப எடுப்பதோடு, அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும்.

கார்டு பீரோவிலேயே இருந்ததா? கொடுத்து 30 நாளாகியும் ஆக்டிவேட் செய்யாவிட்டால், வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் வரவில்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் செலவில்லாமல் கணக்கை மூட வேண்டும். மேலே சொன்ன 499 ரூபாய்க்கு இதுதான் பதில். கடை மேஜையில் சொன்ன ஓடிபியைக் காட்டி "அவரே சம்மதித்தார்" என்பார்கள். அது விண்ணப்பத்துக்கா, ஆக்டிவேஷனுக்கா, எந்தத் தேதியில் என்று எழுத்தில் கேளுங்கள்.

லேட் ஃபீ எந்தத் தேதியில் விழுந்தது? கெடு தேதிக்குப் பிறகு மூன்று நாளுக்கு மேல் பாக்கி இருந்தால்தான் போடலாம். அதையும் கட்டாமல் விட்ட தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், முழு பில்லை வைத்து அல்ல. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. கட்டணத்தை உயர்த்துவதென்றால் ஒரு மாதம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'கார்டு பாதுகாப்பு', 'இன்ஷூரன்ஸ்' என்று சில்லறையாக 99, 149 ஓடிக்கொண்டிருந்தால் அதற்கான சம்மதத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கார்டை நாலு முறை தேய்த்திருக்கிறார், தாளில் 'முதல் ஆண்டு மட்டும் இலவசம்' என்று தெளிவாக இருக்கிறது என்றால் விதி நம் பக்கம் இல்லை. அப்போது சட்டம் பேசாமல், "கார்டை மூடப்போகிறோம், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். பெரும்பாலும் நடக்கும்.

படி 4: கடிதம்

போனில் பேசியது காற்றோடு போகும். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மெயிலிலும் ஒரு பிரதி. மாதிரி:

"கடைசி நான்கு எண்கள் ____ கொண்ட கார்டை நான் ஆக்டிவேட் செய்யவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை. ____ தேதியில் ரூ. ____ ஆண்டுக் கட்டணமும் அதன்மேல் லேட் ஃபீயும் போட்டிருக்கிறீர்கள். இதற்கு நான் கொடுத்த சம்மதத்தின் ஆதாரத்தை 30 நாளுக்குள் அனுப்புங்கள். ஆதாரம் இல்லையெனில் முழுத் தொகையையும் நீக்கி, கணக்கை மூடி, எழுத்தில் உறுதி செய்யுங்கள்."

இதற்குமேல் வயது, சர்க்கரை வியாதி, பென்ஷன் கதையெல்லாம் வேண்டாம். படிக்கிறவர் தேடுவது தேதியும் தொகையும்தான். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லியும் ஏழு வேலை நாளில் மூடாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த இடைவெளியில் வசூல் ஆட்கள் கூப்பிடலாம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. பெரியவர் பயந்துபோய் "பாதி கட்டினா முடிச்சுடறோம்" என்பதற்குத் தலையாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி முடித்தால், நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் நிறுவனத்தில் 'செட்டில்டு' என்று பதிவாகி, நாளைக்கு வேறு கடன் கேட்கும்போது இடிக்கும்.

படி 5: 30 நாள் கழித்து ஆம்புட்ஸ்மேன்

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்க ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் அதிகாரியிடம், ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளம் வழியாகப் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம், பெரியவர் எழுதிக்கொடுத்தால் மகனோ மகளோ அவர் சார்பில் போடலாம். சந்தேகத்துக்கு 14448, தமிழிலும் பேசுவார்கள். ஒரே புகாரை நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டு இங்கேயும் போட்டால் எடுக்க மாட்டார்கள். அதனால் முதலில் இங்கே வாருங்கள்.

படி 6: சிபில்

கணக்கு மூடி ஒன்றரை மாதம் போனபின் பெரியவர் பெயரில் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். 'மூடப்பட்டது, பாக்கி பூஜ்யம்' என்று இருக்க வேண்டும். வேறு எதுவும் இருந்தால் திருத்தச் சொல்லி அங்கேயே புகார் பதியுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதைப் பெரியவரின் எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.