முழு கோர்ட் பிரஸ்ஸை உடைத்த விதம்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் எங்கள் கூடைப்பந்து பசங்க பிரஸ்ஸில், அதாவது எதிரணி மைதானம் முழுக்க நெருக்கிப் பிடிக்கும்போது, திணறியது வேகம் பத்தாமல் இல்லை. பந்து வாங்கியதும் தலை குனிந்து டிரிபிள் போட்டு (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) மூலைக்குப் போவார்கள். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் ரெண்டு ஆள்: கரைவலையில் மாட்டிய மீன்தான்.

இப்போது வாங்கியவர் முதலில் திரும்பிப் பார்க்கணும், டிரிபிள் அப்புறம். உயரமானவர் நடுவட்டத்துக்கு முன்னால் ஓடி வந்து கை காட்டணும். பந்து அவரிடம் போனால் ரெண்டு ஆள் மடக்கும் அந்த டிராப் (பொறி) செத்தது. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட்டவர் பந்துக்குப் பின்னாலேயே நிற்கணும், திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டுமே. எதிரணி கூடை போட்டபின் பந்தை உள்ளே போடும்போது அவர் எண்ட்லைனில் (கூடைக்குப் பின்னால் உள்ள கோட்டுக்கு வெளியே) ஓடலாம், 5 விநாடிக்குள் போட்டால் சரி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கச்சான் காற்றில் தூக்கிப் போடும் பாஸ் திசை மாறும். நெஞ்சு உயரத்தில் நேராகப் போடுங்க. 8 விநாடிக்குள் பாதிக்கோடு தாண்டியதும் நிற்காதீங்க. நடுவில் பந்து, இரு ஓரமும் ஆள் என்று ஓடினால் நம்ம 3 பேருக்கு அவங்க 2 பேர்தான் என்ற நிலை கிடைக்கும். லேஅப் (கூடைக்குக் கிட்டே ஓடிப் போடும் ஷாட்) அடைபட்டால் மூலைக்கு பாஸ்.