ரெஜைனாவுக்கு அருகே கிராமத்தில் வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து அரை மணி, முக்கால் மணி கார் ஓட்டினால் வில்காக்ஸ், செட்லி, ஈடன்வோல்ட், பெல் பிளெய்ன் போன்ற சிறு கிராமங்கள் வந்துவிடும். வேலை நகரத்தில், பெரிய மனையோடு வீடு கிராமத்தில் என்ற கணக்கில்தான் பலரும் இங்கே வாங்குகிறார்கள். நல்ல கணக்குதான். ஆனால் நகரத்தில் மாநகராட்சி பார்த்துக்கொள்ளும் தண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு எல்லாவற்றையும் இங்கே வாங்குகிறவர்தான் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் சமையலறை அழகைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், மிச்சம் பிடித்த பணம் மூன்றே வருடத்தில் பேஸ்மென்ட்டுக்குள், அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்துக்குள், போய்விடும்.

பெரிய தவறு, மண்ணைக் கேட்காமல் வீட்டைப் பார்ப்பது. ரெஜைனாவைச் சுற்றியுள்ள சமவெளி, பனியுகத்தில் இருந்த ஒரு பெரிய ஏரியின் அடித்தளம். அதில் படிந்த களிமண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போலவே நடந்துகொள்ளும்: ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வருடா வருடம் இப்படி உப்பிச் சுருங்குவதால் அஸ்திவாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது.

பேஸ்மென்ட்டில் இறங்கியதும் முதலில் சுவரைப் பாருங்கள். செங்குத்தாக ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது விழுந்தது. சுவரின் பாதி உயரத்தில் படுக்கைவாட்டில் விரிசல் ஓடினால் வெளி மண் சுவரை உள்ளே தள்ளுகிறது என்று பொருள். அங்கே ஒரு நீள மட்டப்பலகையை நிறுத்தி வைத்துப் பார்த்தால் சுவர் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது தெரியும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வெள்ளையாகப் பூத்த உப்புக்கோடு இருந்தால், ஈரம் அங்கே அடிக்கடி ஏறியிருக்கிறது.

அடுத்து நடுக்கம்பங்கள். உத்தரத்தைத் தாங்கும் இந்த இரும்புக் கம்பங்களை இங்கே டெலிபோஸ்ட் என்பார்கள். ஒரு முனையில் பெரிய திருகு இருக்கும்; மண் நகர நகர அதைத் திருகி உத்தரத்தை மட்டத்துக்குக் கொண்டுவரலாம். திருகு துருப்பிடித்து இறுகியிருந்தாலோ, பலகை அடித்து மூடியிருந்தாலோ அதை யாரும் நெடுநாளாகத் தொடவில்லை. பிறகு மேல்மாடிக்கு ஏறிக் கதவுகளை மூடிப் பாருங்கள். கதவின் மேல் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் வீடு சாய்ந்திருக்கிறது. புதிதாக அலங்கரித்த பேஸ்மென்ட் என்றால் இன்னும் கவனம் தேவை. உட்சுவர்களைத் தரைக்கும் மேற்கூரைக்கும் நடுவே இடைவெளி விடாமல் இறுக்கி அடித்திருந்தால், தரை உப்பும்போது அந்தச் சுவர்களே மேல்மாடியைத் தூக்கிவிடும். விவரம் தெரிந்த தச்சர் அந்த இடைவெளியை விட்டுத்தான் கட்டுவார்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை. கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கொட்டும்படி நீட்டுங்கள். சுவரையொட்டிய மண் முதல் 2 மீட்டரில் 10 சென்டிமீட்டராவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். வீட்டை ஒட்டிப் பாப்லர், வில்லோ நடாதீர்கள். வறண்ட கோடையில் அவற்றின் வேர் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கத்தை மட்டும் இறக்கிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் "குழாயில் வருகிறதே" என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. கிராமத்தின் பொது விநியோகமா, சொந்தக் கிணறா, லாரித் தண்ணீர் நிரப்பும் தொட்டியா என்று கேளுங்கள். பொது விநியோகத்தை மாகாண அரசு கண்காணிக்கிறது. பழைய பரிசோதனை முடிவுகளைக் கிராம அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். சொந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது உரிமையாளர் பொறுப்பு. ரெஜைனாவில் உள்ள ராய் ரோமனோ மாகாண ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். பாக்டீரியாவோடு நிறுத்தாமல் நைட்ரேட், ஆர்செனிக், யுரேனியம், சல்பேட் எல்லாவற்றையும் கேளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவது ஆபத்து: தண்ணீர் ஆவியாகக் குறைய, மிஞ்சியதில் நைட்ரேட்டின் அடர்த்தி கூடும். கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னரும் அதை எடுக்காது. குடிநீருக்கு ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் வடிகட்டி வேண்டும்.

லாரித் தண்ணீர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேர், தலைக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்றால் 800 லிட்டர். 9,000 லிட்டர் தொட்டி 11 நாளைக்கு வரும். பனிப்புயலில் லாரி வராது. பனி உருகும் வசந்தத்தில் கனரக வண்டிகளுக்குச் சாலையில் எடைக் கட்டுப்பாடு வரும். ஆகவே தொட்டி பாதியாகும்போதே சொல்லி வையுங்கள். செப்டிக் டேங்க் காலி செய்யும் லாரிக்கும் இதே சிக்கல்தான். கழிவுநீர் கிராமத்துக் குட்டைக்குப் போகிறதா, அதை மனைக்குள்ளேயே மண்ணில் ஊறவிடும் சொந்த வடிகால் வயலா என்பதையும் கேளுங்கள். இந்தக் களிமண் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. வடிகால் வயல் அடைத்தால் புதிதாகப் போடுவது பெருஞ்செலவு.

விலை குறைவென்றால் வரியும் குறைவு என்று எண்ண வேண்டாம். பல ஊராட்சிகள் வீட்டு மதிப்பு எதுவானாலும் ஒரு குறைந்தபட்ச வரி வாங்குகின்றன. ஊர் வாங்கும் கடனும் வீடுகளின் தலையில்தான் விழும். உதாரணமாக, தண்ணீர் நிலையத்தைப் புதுப்பிக்க 10 லட்சம் டாலர் கடன் வாங்கினால், 80 வீடுள்ள ஊரில் வீட்டுக்கு 12,500 டாலர் விழும். கிராம அலுவலக எழுத்தரிடம் வரிச் சான்றிதழோடு, திட்டமிட்ட பெரிய வேலைகளையும் நிலுவைக் கடனையும் கேளுங்கள். சில ஊர்களில் அலுவலகம் வாரத்தில் ஓரிரு நாள்தான் திறந்திருக்கும்; முன்கூட்டியே போன் செய்யுங்கள்.

இன்ஷூரன்ஸை வீடு பதிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தீயணைப்புக் குழாய் 300 மீட்டருக்குள் இருக்கிறதா, தீயணைப்பு நிலையம் 8 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பிரீமியம் வெகுவாக மாறும். விறகு அடுப்பு இருந்தால் தனி ஆய்வுச் சான்று கேட்பார்கள். சாக்கடை திரும்பி ஏறும் சேதத்துக்குப் பாலிசியில் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

தினசரிப் பயணத்தில், போனில் உள்ள வரைபடம் காட்டும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். இங்கே கிராமச் சாலைகள் சதுரக் கட்டங்களாக ஓடுகின்றன. தெற்கு வடக்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. அவற்றில் சில வெறும் மண் பாதைகள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு களிமண் சக்கர வளைவுக்குள் அப்பி டயரே சுற்றாது. குளிர்காலத்தில் அந்தப் பாதைகளில் பனியும் அள்ள மாட்டார்கள். சரளைச் சாலையிலோ நெடுஞ்சாலையிலோ போங்கள். புயலில் மாட்டிக்கொண்டால் காரைவிட்டு இறங்கி நடக்கக் கூடாது. புகைக்குழாயை அடைத்த பனியை முதலில் நீக்கிவிட்டு, மணிக்கு 10 நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். அப்போது காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரலளவு இறக்கி வையுங்கள்.

வீட்டைப் பார்க்க ஏற்ற காலம் பனி உருகும் ஏப்ரல். பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, முற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கோடையில்தான் வாங்க முடியும் என்றால் அஸ்திவார ஆய்வு, தண்ணீர் முடிவு, இன்ஷூரன்ஸ் ஒப்புதல் மூன்றையும் விலைப்பேச்சில் நிபந்தனையாக எழுதுங்கள். ஆய்வக முடிவு வரும் நாளைக் கேட்டு, அதற்கும் பிந்திய தேதியைக் கெடுவாக வையுங்கள்.