சஃபாரி ஸோன்ல கல்லை தொடாதீங்க, பந்தை மட்டும் போடுங்க

போக்கிமான் ரெட், ப்ளூ வீடியோ கேம் ஆடுன யாரைக் கேட்டாலும், காட்டு போக்கிமானை பந்து போட்டு புடிக்கிற சஃபாரி ஸோன் பத்தி ஒரு வயித்தெரிச்சல் கதை வெச்சிருப்பாங்க. ஃபியூஷியா சிட்டில கேட்ல 500 காசு கட்டுனா 30 சஃபாரி பந்து குடுப்பாங்க, 500 ஸ்டெப் நடக்கலாம், அதுக்குள்ள புடிச்சா உண்டு. நம்ம போக்கிமானை எறக்கி அடிச்சு அதோட HPயை, அதாவது உயிர் அளவை, கொறைக்கவும் முடியாது, தூங்க வெக்கவும் முடியாது. பந்து, தீனி, கல்லு, ஓட்டம்னு நாலே நாலு ஆப்ஷன். இதுல எங்கெங்க தப்பு பண்றோம்னு தெரிஞ்சுகிட்டா சான்சி, டாரோஸ் மாதிரி அரிதா வர்ற போக்கிமான் எல்லாம் எட்டாத விஷயமே இல்ல. கீழ சொல்ற கணக்கு பெரும்பாலும் ரெட், ப்ளூவுக்கானது.

மொதல் தப்பு, பெரிய தப்பு, கல்லு எறியறது. கல்லு பட்டா புடிக்கிற ரேட் ரெண்டு மடங்காகும், அது உண்மைதான், அதை நம்பித்தான் எல்லாரும் எறியறாங்க. ஆனா அதே கல்லு அதுக்கு கோவத்தையும் ஏத்திவிடும், கோவம் வந்தா ஓடிப்போற சான்ஸும் ரெண்டு மடங்கு. ஓடுறதை கேம் எப்படி முடிவு பண்ணுதுன்னா, அந்த போக்கிமானோட ஸ்பீடை எடுத்து ரெண்டால பெருக்கும், வர்ற நம்பர் 256க்கு எத்தனையோ அவ்ளோதான் ஓடுற சான்ஸ், ஒவ்வொரு டர்னுக்கும். மேற்கு ஏரியால 26ஆம் லெவல் டாரோஸ் வரும், அதோட ஸ்பீடு 66 கிட்ட இருக்கும், அப்போ சும்மா நின்னாலே பாதிக்குப் பாதி ஓடும். அதுமேல ஒரு கல்லை போட்டீங்கன்னா நம்பர் எல்லையையே தாண்டிருது, கிட்டத்தட்ட கண்டிப்பா ஓடிரும். கல்லு எறிஞ்ச அந்த டர்ன்ல பந்தும் போட முடியாது, அடுத்த டர்னுக்கு அது அங்க நிக்கவே நிக்காது. அப்புறம் ரேட் ரெண்டு மடங்கானா என்ன, நாலு மடங்கானா என்ன?

சரி அப்ப தீனி போடலாமேன்னு தோணும். தீனி போட்டா ஓடுற சான்ஸ் நாலுல ஒண்ணா கொறையும், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா புடிக்கிற ரேட் பாதியாயிரும், அதைவிட மோசம் என்னன்னா அது தின்னு முடிச்சப்புறமும் அந்த பாதி பாதியாவே நிக்கும், பழைய ரேட்டுக்கு திரும்பாது. சான்சியை எடுத்துக்கோங்க, ஒரு பந்துக்கு புடிபடற சான்ஸ் 100க்கு 7 கிட்டதான், தீனி போட்டா அது 4க்கும் கீழ. ஓடுறதோ டர்னுக்கு 100க்கு 27 கிட்ட. நான் உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன், தீனி போடாம பந்தை மட்டும் வரிசையா போட்டா மொத்தமா அஞ்சுல ஒரு சான்சி மாட்டுது, தீனி போட்டா அதுவும் கொறையுது. அதனால பாத்த உடனே பந்து, மறுபடி பந்து, மறுபடி பந்து, வேற எதையும் தொடாதீங்க. ஓடிருச்சுன்னா அது உங்க தப்பு இல்ல, அடுத்ததை தேடுங்க.

அடுத்தது, தப்பான ஏரியால சுத்தறது. நெறைய பேர் உள்ள நுழைஞ்ச உடனே நடு ஏரியா புல்லுலயே சான்சிக்காக சுத்தி சுத்தி ஸ்டெப்பை தீர்த்துருவாங்க. நடுவுல சான்சி வர்றது 100ல 1 தடவை, வடக்கு ஏரியால 4 தடவை, நாலு மடங்கு வித்தியாசம் பாருங்க. டாரோஸ் வேணும்னா மேற்கு, அங்க 4, வடக்குல வெறும் 1. கங்காஸ்கான் கிழக்குல 4, மேற்குல 1. ஸைதர் நடுவுல 4, கிழக்குல 1. ஒரு ட்ரிப்புக்கு ஒரே ஒரு போக்கிமான்னு முடிவு பண்ணிட்டு நேரா அந்த ஏரியாவுக்கு போறதுதான் சரி, எல்லாத்தையும் ஒரே ட்ரிப்புல பாத்துக்கலாம்னு போனா ஒண்ணும் கெடைக்காது. ஆமா, ஸைதர் ரெட்ல மட்டும்தான், ப்ளூல அதே எடத்துல பின்ஸிர் வரும். ப்ளூ வெச்சுகிட்டு ஸைதரை தேடுனா எத்தனை 500 கட்டுனாலும் வராது, ட்ரேடு ஒண்ணுதான் வழி.

ஸ்டெப் விஷயத்துல பண்ற தப்பு, மொத ட்ரிப்புலயே புடிக்க ஆரம்பிக்கிறது. மேற்கு ஏரியா மூலைல ஒரு சீக்ரெட் வீடு இருக்கு, அங்க போனாத்தான் தண்ணி மேல போக வெக்கிற சர்ஃப் கெடைக்கும், வார்டனோட தங்கப் பல்லு செட்டும் அதே ஏரியாலதான் கெடக்கு, அதை அவர்கிட்ட குடுத்தா பாறையை தள்ள வெக்கிற ஸ்ட்ரெங்த் தருவார். கதையே நகரணும்னா இது ரெண்டும் வேணும். ஆனா அங்க போக கிழக்கு, வடக்குன்னு சுத்தி வளைச்சுத்தான் போகணும், நடுவுல ஏதாவது புல்லுல சுத்துனா டிங் டாங்னு சத்தம் போட்டு வெளிய அனுப்பிருவாங்க. அதனால மொத ட்ரிப்புக்கு ரிப்பெல் (காட்டு போக்கிமானை அண்ட விடாத ஸ்ப்ரே) அடிச்சுட்டு போங்க, முன்னாடி நிக்கிற உங்க போக்கிமான் 34 லெவலோ மேலயோ இருக்கட்டும், அங்க வர்றதுலயே பெருசு 33தான், ஒண்ணும் குறுக்க வராது. இதே கேமோட ரீமேக்கான ஃபயர்ரெட், லீஃப்கிரீன் ஆடறவங்களுக்கு 600 ஸ்டெப் இருக்கு, இன்னொரு வசதியும் உண்டு: நடக்காம நின்ன எடத்துலயே பட்டனை லேசா தட்டி திரும்பி திரும்பி நின்னாலும் போக்கிமான் வரும், ஸ்டெப் கொறையாது. புல்லுல நிக்கும்போது இதை மறந்துறாதீங்க.

புடிச்ச போக்கிமானை வெக்கிற பாக்ஸை பாக்காம போறது இன்னொண்ணு. ரெட், ப்ளூல ஒரு பாக்ஸுக்கு 20தான், நெறஞ்சா அதுவா அடுத்ததுக்கு மாறாது, நாமதான் பிசில போய் மாத்தணும். டீமும் ஆறு, பாக்ஸும் ஃபுல்லுன்னா சஃபாரி பந்தையே போட விடாது. கண்ணு முன்னாடி சான்சி நிக்க, பந்து போட முடியலன்னா எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க, உள்ள பிசியும் கெடையாது. கேட்டுக்கு போறதுக்கு முன்னாடி பாக்ஸை மாத்திருங்க, மாத்தும்போது கேம் சேவும் ஆயிரும்.

ஹோயென் பகுதில நடக்கிற போக்கிமான் கேம்கள்ல இந்த கணக்கெல்லாம் அப்படியே செல்லாது, அங்க தீனி, கல்லுக்கு பதிலா போக்கிப்ளாக்குங்கிற மிட்டாய் போடறதும் கிட்ட போறதும்தான், கிட்ட போனா புடிக்கவும் ஈஸி, ஓடவும் ஈஸி. போக்கிப்ளாக் கேஸ் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. சின்னோ பகுதி கேம்கள்ல சஃபாரியா வர்ற கிரேட் மார்ஷ்ங்கிற சதுப்பு நிலம் தனி கதை, சேத்துல கால் மாட்டிக்கும், உள்ள ஓடுற ட்ரெயின்ல ஏறி ஏரியா மாறுறதுதான் புத்திசாலித்தனம், கேட் மாடில பைனாகுலர்ல பாத்துட்டு எறங்குங்க.

கடைசியா எனக்கு ரொம்ப ஆத்தாமையா இருக்கிற ஒண்ணு: ஸ்டெப் தீரப்போகுது, கைல இன்னும் 15 பந்து இருக்கு, அப்படியே வெளிய வந்துர்றாங்க. மீன் புடிக்க ஸ்டெப் ஆகாதுங்க! 12ஆம் ரூட்ல சூப்பர் ராடுங்கிற தூண்டிலை வாங்கிட்டு, 10, 20 ஸ்டெப் மிச்சம் இருக்கும்போதே குளத்தங்கரைல நின்னுருங்க. தூண்டில்ல மாட்டுறது நாலே வகைதான், டிராட்டினி, கிராபி, சைடக், ஸ்லோபோக், நாலுக்கும் சமமான சான்ஸ். டிராட்டினி 15 லெவல்ல வரும், ஸ்பீடு கம்மி, அதனால டர்னுக்கு 100க்கு 17 கிட்டதான் ஓடும், டாரோஸை விட ரொம்ப பொறுமையான புள்ளை. கிராபி வந்தா ஓட்டத்தை அமுக்கி வெளிய வாங்க, பந்தை வேஸ்ட் பண்ணாதீங்க, மறுபடி தூண்டிலை போடுங்க, டிராட்டினி தலை தெரிஞ்சா மட்டும் பந்து, கடைசி பந்து தீர்ற வரைக்கும்.