சேணம் பின்னோக்கி நழுவுவதை நிறுத்திய வயிற்று வார்: என் அனுபவம்

என்னிடம் உள்ள மார்வாரிப் பெண் குதிரை, நெஞ்சுக்கூடு ஒடுங்கி, முழங்கைக்குப் பின்னால் வயிறு மேலேறிச் செல்லும் உடல்வாகு கொண்டது. உதகையின் ஏற்றப் பாதைகளில் கால் மணி நேரம் சென்றாலே சேணம் நான்கு விரற்கடை பின்னே போய்விடும். சேணத்தை வயிற்றின் அடியே சுற்றிப் பிடிக்கும் வாரை மேலும் இறுக்கினேன், அது பெருந்தவறு. ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருந்ததால் எவ்வளவு இழுக்கிறோம் என்பது கைக்குத் தெரியவில்லை. மாலையில் வாரைக் கழற்றியபோது முழங்கையின் பின்னே முடி தேய்ந்து தோல் சிவந்திருந்ததைக் கண்டு மனம் வலித்தது.

முதலில் சேணத்தின் பொருத்தத்தைச் சரிபார்த்தேன். அதன் முன்பகுதி குறுகலாக இருந்தால் நல்ல வாரும் பயன்படாது. அதில் குறையில்லை. அடுத்து வாங்கிய நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) வார் நன்றாகப் பிடித்தது, ஆனால் வியர்வையை உள்ளேயே தேக்கியது. இறுதியில், மொஹேர் கயிறுகளை வரிசையாகக் கோத்த, எலாஸ்டிக் இல்லாத நேரான வாரைத் தேர்ந்தெடுத்தேன். அங்கோரா ஆட்டு உரோமத்தாலான அக்கயிறுகள் தனித்தனியே தோலின் மேல் படிவதால் பிடிப்பு கூடுவதோடு இடையே காற்றும் புகுகிறது. சேணமும் விரிப்பும் போட்ட நிலையில், வாரை மாட்டும் இருபுறச் சேணப் பட்டைகளின் நடுத்துளைகளுக்கு இடையே வயிற்றைச் சுற்றி நூல் பிடித்து நீளத்தை அளந்தேன்.

இப்போது பத்து நிமிடம் நடத்திய பின் மறுபடி ஒரு துளை இறுக்கி, முன்னங்கால்களை மெல்ல முன்னே இழுத்துத் தோல் மடிப்பை நீக்குகிறேன். செங்குத்தான ஏற்றங்களுக்கு மட்டுமே நெஞ்சு வாரையும் சேர்க்கிறேன். தேய்ந்த இடத்தில் முடி மீண்டும் முளைத்துவிட்டது.