இடியன் துவக்கில் மருந்து கிடக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கந்தளாய், கோமரங்கடவல, சேருவில, வெருகல் பக்கம் சேனையும் வயலும் செய்கிறவர்களுக்குத் துவக்கு புதிதல்ல. பன்றிக்காகக் காவல் இருந்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புவார்கள். பன்றி வரவில்லை, துவக்கும் வெடிக்கவில்லை. தோட்டா போடும் துவக்கென்றால் மடக்கி, தோட்டாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டால் வேலை முடிந்தது. குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் இடியனில் அது நடக்காது. உள்ளே போன வழியாகத்தான் எல்லாம் வெளியே வர வேண்டும், அந்த வழி குழலின் வாய். ஆபத்து முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலானோர் செய்யும் முதல் பிழை, கேப்பை, அதாவது குதிரை அடித்ததும் பொறி கிளப்பும் சின்ன மூடியை, கழற்றிவிட்டுத் துவக்கு வெறுமையாகிவிட்டது என்று நினைப்பது. கேப்பை எடுத்தால் தீ மூட்டும் வழி மட்டும்தான் போகிறது, மருந்தும் குண்டும் அப்படியே கிடக்கின்றன. கேப் பூட்டும் துளையுள்ள குமிழான நிப்பிளின் நுனியில் கேப்பின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வழியும் முழுதாகப் போகவில்லை. குதிரையை, அதாவது கேப்பில் அடிக்கும் சுத்தியலை, பாதி ஏற்றத்தில் நிறுத்திவிட்டு அதைப் பூட்டு என்று நம்புகிறவர்களும் உண்டு. தேய்ந்துபோன பழைய துவக்கில் அந்தப் பாதி ஏற்றம் ஒரு சின்னத் தட்டுக்கே வழுக்கிவிடும்.

எது எப்படியோ, கேப்பைக் கழற்றுவதுதான் முதல் வேலை. குழல் வாய் ஆளில்லாத மண் பக்கம் பார்க்கட்டும். கேப்புக்குப் பதிலாகக் கல் உரசித் தீப்பொறி தரும் தீக்கல் துவக்கென்றால், குழலின் பக்கத்தில் உள்ள கிண்ணத்தில் இருக்கும் மருந்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, கல்லையும் கழற்றிவிடுங்கள். சுடப் பார்த்து வெடிக்காமல் போன துவக்கென்றால் கேப்பையும் உடனே தொடக்கூடாது. உள்ளே மருந்து மெதுவாகக் கனன்று பிந்தி வெடிப்பது உண்டு. வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி இரண்டு நிமிடமாவது பொறுங்கள்.

அடுத்தது, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது. இதைச் செய்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போது வயிறு கலங்கும். கெட்டிக்கும் கோல் எதற்கு இருக்கிறது? பக்கவாட்டில் நின்று, கோலின் தலைக்கு மேல் உள்ளங்கையோ முகமோ வராமல் விரல்களால் பிடித்து, மெதுவாக அடிவரை இறக்குங்கள். வாய் மட்டத்தில் ஒரு அடையாளம் போடுங்கள். பிறகு அதே கோலைக் குழலுக்கு வெளியே ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கோலின் நுனி நிப்பிள் இருக்கும் இடம்வரை வந்தால் துவக்கு வெறுமை. இரண்டு மூன்று விரல் அகலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே கெட்டிப்பு இருக்கிறது.

சரி, இருக்கிறது. இனிதான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள்.

குண்டைப் பிடித்து இழுப்பதற்கு முன் மருந்தைச் சாகடிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் நீங்கள் உயிருள்ள மருந்துக்கு நேர் முன்னால் நின்று வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம். கரிமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு அளவில் வெடியுப்புத்தான். அது தண்ணீரில் கரையும். ஆகவே தண்ணீர்தான் மருந்துக்கு மருந்து.

ஆனால் தண்ணீரை எங்கே ஊற்றுகிறோம் என்பதிலும் பிழை நடக்கிறது. வாய்வழியாக ஊற்றினால் குண்டும், மருந்தின் மேல் திணித்த துணி, நார் போன்ற அடைப்பும் அதைத் தடுத்துவிடும், அடியில் மருந்து காய்ந்தே கிடக்கும். நிப்பிளைக் கழற்றி அந்தத் துளை வழியாக, அல்லது தீக்கல் துவக்கின் பக்கத் துளை வழியாக, ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். அரை மணி நேரம் விட்டு மறுபடி செலுத்துங்கள். கறுப்புத் தண்ணீர் திரும்பி வடியத் தொடங்கினால் மருந்து கரைகிறது. ஒரு இரவு ஊறவிட்டாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை, துரு பிடித்தால் துடைத்துக்கொள்ளலாம். நனைத்துவிட்டு ஒரு வாரம் மூலையில் சாத்தி வைப்பதுதான் கூடாது. மருந்து திரும்பக் காய்ந்தால் திரும்பவும் எரியும்.

ஊறிய பிறகு, கோலின் முனையில் திருகு பூட்டி ஈயக்குண்டுக்குள் இறக்கி நேராக இழுக்கலாம். ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகச் சன்னம் எனும் சிறு ஈய மணிகள் போட்ட துவக்கென்றால் இன்னும் சுலபம்: சுருள் முனையால் மேல் அடைப்பைக் கொக்கிபோட்டு எடுத்தால் சன்னம் கவிழ்க்கும்போது தானாகக் கொட்டும். பிறகு அடி அடைப்பு, அதற்குப் பிறகு மருந்துக் குழம்பு. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் பீரங்கிகளின் காலத்துப் பீரங்கிப் படையினரும் வாய்வழி கெட்டிப்பை எடுக்க நீண்ட தடியில் பூட்டிய இதே சுருளைத்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரப் பஞ்சால் குழலைத் துடைத்துக் கனலை அணைத்துவிட்டுத்தான் அடுத்த மருந்தை இறக்குவார்கள். இழுக்கும்போது உடம்பு குழலுக்கு நேராக வரக்கூடாது, குண்டு நனைந்த மருந்தின் மேல் இருந்தாலும் சரி.

இனி, எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாதவை. மின்சாரத் துளைக்கருவியைக் குழலுக்குள் விடுவது, இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்குவது, அடிப்பக்கத்தைக் கழற்ற வெல்டிங் கடையில் சூடு காட்டுவது. மூன்றிலும் சூடோ பொறியோ மருந்துக்குப் போகிறது. கராஜில் கொம்பிரசரைப் பூட்டிக் காற்றடித்துப் பார்ப்போம் என்பது இன்னொரு யோசனை. வெளிநாடுகளில் சின்ன வாயுக் குப்பியால் குண்டைத் தள்ளும் கருவி இருக்கிறது என்பது உண்மைதான், அதிலும் குண்டு வேகமாகத்தான் வெளியே வரும். அளவு தெரியாத காற்றழுத்தத்தோடு விளையாடுவது வேறு கதை.

“ஒரு வெடி வைத்தால் முடிந்தது” என்பார்கள். எத்தனை வருடத்துக்கு முன் யார் கெட்டித்தது, எவ்வளவு மருந்து, குண்டு அடிவரை போயிருக்கிறதா, குழலின் உட்புறம் எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்று எதுவும் தெரியாத நிலையில் அப்படி வெடி வைத்தால் குழலே பிளக்கலாம். திருகோணமலைக் கடற்காற்றில் இரும்பு படும் பாடு நமக்குத் தெரியும். அதே நேரம் பழைய மருந்து செத்திருக்கும் என்றும் நம்பாதீர்கள். ஈரம் படாத கரிமருந்து எத்தனை தலைமுறை கழித்தும் எரியும்.

தாத்தா வைத்திருந்த துவக்கு பரணில் கிடைத்தது என்றால், மேலே சொன்ன எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். இரண்டு காரணம். உள்ளே இருப்பது கரிமருந்தா என்பது உங்களுக்குத் தெரியாது. தீக்குச்சி மருந்தோ பட்டாசு மருந்தோ கெட்டித்திருந்தால் உரசலே போதும், கோலை இறக்குவதே ஆபத்து. தோட்டாவிலிருந்து எடுத்த மருந்தென்றால் தண்ணீரில் கரையாது. இரண்டாவது, 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கை வைத்திருப்பதே குற்றம். அசைக்காமல், ஆட்களை விலக்கிவிட்டு, பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ 119க்கோ சொல்லுங்கள். துவக்கைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நிலையத்துக்குப் போகாதீர்கள், போகும் வழியில் பிடிபட்டாலும் தொல்லை, வெடித்தாலும் தொல்லை. காட்டோரம் கட்டுத்துவக்கை, அதாவது மிருகம் கம்பியில் தட்டினால் வெடிக்கும்படி கட்டி வைத்த துவக்கை, கண்டாலும் இதேதான். கம்பியைத் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள்.

பத்திரம் உள்ளவர்கள் வேலை முடித்ததும் குழலைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுக் கழுவி, துணி கறுக்காமல் வரும்வரை துடைத்து, எண்ணெய் பூசி, கோலால் இன்னொரு முறை அளந்து பாருங்கள். எடுத்த மருந்தைக் குப்பையோடு போட்டு யாராவது நெருப்பு வைத்துவிடப் போகிறார்கள். ஒரு வாளி தண்ணீரில் நன்றாகக் கரைத்து, கிணற்றடியை விட்டுத் தள்ளி ஊற்றிவிடுங்கள்.