லேப்டாப் ஸ்க்ரீன் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகுகளைத் தொலைக்காதீர்கள், கண்ணாடி கையில் குத்தாமல் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. புதிதாக வேலை பழகுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஆரம்பத்தில் நான் செய்த கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

மாடல் நம்பரை நம்பி ஆர்டர் போடுவது

ஒரே மாடல் லேப்டாப் இரண்டு மூன்று வகை பேனல்களோடு (படம் காட்டும் திரைத் தகடு) வரும். பழைய பேனலைக் கழற்றி, அதன் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 'என்வி156எஃப்எச்எம்' என்பதுபோல் ஒரு எண் இருக்கும். 156 என்றால் 15.6 அங்குலம். அதே எண் கிடைக்காமல் பொருந்தும் பேனல் வாங்குவதானால் ரெசல்யூஷன், கேபிள் செருகும் கனெக்டரில் உள்ள பின்களின் (ஊசிகளின்) எண்ணிக்கை, அந்தக் கனெக்டர் இருக்கும் பக்கம், திருகு மாட்டும் காதுகள் உண்டா இல்லையா, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி பேனல்களில் பெரும்பாலும் 30 பின். 144 ஹெர்ட்ஸ், 4கே என்றால் 40. எல்விடிஎஸ் என்ற பழைய இணைப்பு முறை பேனலிலும் 40 பின் உண்டு. எண்ணிக்கை ஒன்றுதானே என்று அதை இப்போதைய முறையான இடிபி கேபிளில் செருகிவிடாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றாமல் கை வைப்பது

"ஆஃப் பண்ணித்தானே வைத்திருக்கிறேன்" என்பார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பேனலைச் செருகினேன். கனெக்டர் துளி சாய்ந்து உள்ளே போனது. சரிசெய்து மறுபடி செருகினேன். பொறி இல்லை, சத்தம் இல்லை. ஆன் செய்தால் விண்டோஸ் ஒலி கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. பேனல்தான் பழுது என்று விற்றவரிடம் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்ததும் அதே கறுப்பு. அப்புறம் பழைய கை ஒருவர் வந்து, திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்துக் காட்டினார். மங்கலாக டெஸ்க்டாப் தெரிந்தது. படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்கு மதர்போர்டில் இருந்த கடுகளவு ஃபியூஸ் போயிருந்தது. பாவம், முதல் பேனலில் ஒரு குறையும் இல்லை.

படத்தை உருவாக்கும் பேனலின் லாஜிக் பகுதிக்கு 3.3 வோல்ட் போதும். பேக்லைட்டுக்கான மின்சாரம் அதைவிடப் பல மடங்கு வோல்டேஜில் வரும். பல போர்டுகளில் லேப்டாப் அணைந்திருந்தாலும் பேட்டரி இருக்கும்வரை அந்த லைனில் கரண்ட் நிற்கும். பின்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான். கொஞ்சம் கோணலாகப் போனால் பக்கத்துப் பின்னோடு உரசும். ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

அதனால் முதலில் அடிமூடியைத் திறந்து பேட்டரி பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஸ்க்ரீன் பக்கம் போங்கள். சில மாடல்களில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங்ஸ்) மெனுவிலேயே பேட்டரியைத் துண்டிக்க வசதி உண்டு.

கனெக்டரை மேல்நோக்கிப் பிடுங்குவது

கனெக்டர் மேல் ஒட்டியிருக்கும் டேப்பை உரித்து, பேனலுக்கு இணையாக இழுக்க வேண்டும். டேப்பைத் திரும்ப ஒட்ட மறக்காதீர்கள்.

பெசலை மூடிவிட்டு ஆன் செய்வது

பெசல் என்றால் திரையைச் சுற்றியுள்ள சட்டம். திரை எரிகிறதா என்று பார்த்துவிட்டு அதை மூடுங்கள்.

டிஎன்னா ஐபிஎஸ்ஸா என்று கேட்காமல் வாங்குவது

இவை இரண்டும் பேனல் வகைகள். ஐபிஎஸ் இருந்த இடத்தில் டிஎன் போட்டாலும் எரியும். நேராகப் பார்க்கும் உங்களுக்கு உடனே உறைக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் படம் ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்பார்.